கருங்காலி வண்டியின் பினியன்

காத்தமுத்து தம் அறுபத்தோராவது வயதில் சீடரானார். குரு அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவர்.

குருவின் பெயர் ஜெயசீலி. ராணுவ வாகனப் பட்டறையில் பன்னிரண்டு ஆண்டு ஃபிட்டராக இருந்தவர். மேலதிகாரியின் தவறைத் தவறு என்று எழுதிக் கொடுத்ததால் வெளியே வந்தார். மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டார். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டிகளின் முன் ஆக்சிலைத் திறந்து சரிசெய்ய அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. பெயர்ப்பலகை கிடையாது. பலகையும் பட்டமும் வேலை தெரியாதவர்களுக்குத்தான் தேவைப்படுகின்றன.

காத்தமுத்து ஆனைக்கல் எஸ்டேட்டின் சங்கத் தலைவர். முதலாளி தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓடிய பின், பல ஆண்டு போராடித் தொழிலாளர்களே அதைக் குத்தகைக்கு வாங்கினார்கள். நாற்பத்திரண்டு குடும்பம். அதிகாரிகள் பத்திரத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். தொடர்ந்து மூன்று நாள் பச்சைத் தேயிலை மலையிறங்கவில்லை என்றால் குத்தகை ரத்து. ஏழைக்கு எதைக் கொடுத்தாலும் பிடுங்கிக்கொள்ள ஒரு வரி வைத்துத்தான் கொடுப்பார்கள்.

மழையில் அந்தப் பாதையில் ஏறி இறங்கக்கூடியதாகச் சங்கத்திடம் இருந்தது ஒரே வண்டி. ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய லாரி. அதன் முன் ஆக்சில்தான் உடைந்து கிடந்தது. பருவமழைக்குப் பதினாறு நாள் இருந்தது.

"மேஸ்திரி, கூடவே இருந்து கத்துக்கறேன். இனிமே உடைஞ்சா நானே பாத்துக்கணும்."

"முதல்ல இது எப்படி உடைஞ்சதுன்னு சொல்லுங்கண்ணே."

"எவனோ எண்ணெயில மணலைப் போட்டுட்டான். கம்பெனிக்காரன் ஏற்பாடு."

ஜெயசீலி ஆக்சிலின் பற்சக்கரங்களை மூடியிருந்த ஹவுசிங்கைத் திறந்தார். உடைந்த பினியன் என்ற சிறு பற்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தார். வடிந்த எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பாகம் தேடிட்டு வாங்க" என்றார்.

காத்தமுத்து ஐந்து நாள் அலைந்தார். கோவை, ஈரோடு, மதுரை என்று பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். ஜாயிண்ட் கிடைத்தது. பேரிங் கிடைத்தது. ஈரோட்டில் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரம். மதுரையில் அதைச் சுழற்றும் பினியன். மூட்டையைப் பட்டறையில் பெருமையோடு இறக்கினார்.

"சங்கம் கட்டினவன் மேஸ்திரி நான். ஊருக்கு ஒருத்தனாப் பொறுக்கித்தான் படை திரட்டினேன்."

ஜெயசீலி கிரவுனின் பற்களில் சிவப்புச் சாயம் தடவி, பினியனைச் சேர்த்துச் சுற்றினார். பிறகு பற்களைக் காட்டினார். சாயம் பல்லின் ஓரத்தில் மட்டும் கீறியிருந்தது.

"பல்லு எண்ணிக்கை சரியா இருக்கே?"

"எண்ணிக்கை சரிதாண்ணே. ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி வந்ததில்ல. ஜோடியாத்தான் அரைச்சு, ஒரே நம்பர் குத்தி அனுப்புவாங்க. இதுல முந்நூத்திப் பதினெட்டு. அதுல எழுபத்தி நாலு. மாட்டினா நூறு மைல் கத்திக்கிட்டே போகும். அப்புறம் உடையும்."

"ஜோடிக்கு நான் எங்கே போவேன்?"

"உங்க லாரியோட அதே ஏலத்துல இன்னொண்ணு வந்துச்சே?"

காத்தமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த லாரி எஞ்சின் பழுதாகி மாசிலாமணி வீட்டுக் கொல்லையில் நின்றது. பதினெட்டு ஆண்டுக்கு முன் நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம். கொட்டும் மழையில், போலீஸ் காவலோடு, அந்த லாரியில் முதலாளிக்குத் தேயிலை இறக்கியவர் மாசிலாமணி. "அந்தக் கருங்காலியோட பேசறவன் தொழிலாளியே இல்ல" என்று மேடையில் சொன்னவர் காத்தமுத்து. அன்று முதல் ஆனைக்கல்லில் ஒருவரும் மாசிலாமணியோடு பேசியதில்லை.

"அவன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். வேற வழி சொல்லுங்க."

ஜெயசீலி அவரை வெளியே அழைத்துப் போனார். காலையில் வந்த ஒரு ஜீப் ஈர மண்ணில் திரும்பிய தடம் அப்படியே இருந்தது. ஒரு கயிற்றைக் கொடுத்தார்.

"முன் சக்கரத் தடத்தை அளங்க. பின் சக்கரத் தடத்தையும் அளங்க."

காத்தமுத்து குந்தி உட்கார்ந்து அளந்தார்.

"முன் சக்கரம் ஒரு முழம் கூட ஓடியிருக்கு."

"முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கிற முன் கியரைப் போட்டா முன்னும் பின்னும் ஒரே அளவுதான் சுத்தும். அந்த ஒரு முழத்துக்கு என்ன பண்ணும்?"

"சேத்துல வழுக்கிச் சரிக்கட்டிக்கும்."

"தார் ரோட்டுல?"

காத்தமுத்து எழுந்திருக்கவில்லை.

"எண்ணெயில மணலே இல்லண்ணே. வழுக்க இடமில்லாம பினியன் முறுக்கி ஒடிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஜெயசீலி உள்ளே போனார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வி கேட்டே பதவிக்கு வந்தவர்களுக்கு இந்தப் பண்பு எளிதில் வராது.

மறுநாள் காத்தமுத்து மாசிலாமணியின் கொல்லையில் நின்றார்.

"அடடா, தலைவர்! பாத்து, பேசிட்டா நீங்க தொழிலாளி இல்லாமப் போயிடுவீங்க."

"பினியனும் கிரவுனும் வேணும்."

மாசிலாமணி தார்ப்பாயை விலக்கினார். மரக்கட்டைகளின் மேல் நின்ற லாரியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. முன் சக்கரத்தைக் கையால் தள்ளினார். சத்தமில்லாமல் சுற்றியது.

"மாசம் ஒரு தரம் சுத்தி விடுவேன். எண்ணெய் பல்லு மேல ஏறணும்ல?"

"ஓடாத வண்டிக்கு எதுக்கு?"

"ஓடலைன்னா பல்லு காஞ்சு கிடக்கட்டுமா?"

காத்தமுத்து அந்தச் சக்கரம் நிற்கும்வரை பார்த்தார். இப்படி ஒரு வண்டியை வைத்திருக்கத் தம் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது.

"நான்தான் மணலைப் போட்டேன்னு மலை மேல பேசிக்கறாங்களாமே?" என்றார் மாசிலாமணி.

"ஆமா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"எப்படி உடைஞ்சது?"

காத்தமுத்து தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"குத்தகை கையெழுத்தான அன்னிக்கு ஊர்வலம். கொடி கட்டி நான்தான் ஓட்டினேன். நாலு சக்கரமும் இழுக்க ஊருக்குள்ள நுழையணும்னு முன் கியரைப் போட்டேன். பஸ் ஸ்டாண்டு ரவுண்டானாவை மூணு சுத்து. ஜனங்க விசில் அடிச்சாங்க. மூணாவது சுத்துல ஒடிஞ்சுது."

மாசிலாமணி சிரிப்பார் என்று அவர் எதிர்பார்த்தார். மாசிலாமணி சிரிக்கவில்லை.

"தார் ரோட்டுலயாப்பா?" என்றார் வலியோடு, அடிபட்டது தம் மாடு என்பதுபோல.

பிறகு ஸ்பானரை எடுத்து வந்தார்.

"கழட்டிக்க. ஒரே ஒரு விஷயம். இப்ப என்கிட்ட சொன்னதை மேல வந்து எல்லார் முன்னாலயும் சொல்லணும். சொல்லும்போது நானும் நிக்கணும்."

ஏன் அன்று வண்டி ஓட்டினாய் என்று காத்தமுத்து கேட்கவில்லை. மாசிலாமணியும் சொல்லவில்லை. இருவரும் இருட்டும்வரை போல்ட்டுகளைக் கழற்றினார்கள்.

மழை ஐந்து நாள் முந்திக்கொண்டது. மலைமேல் பறித்த தேயிலை இரண்டு நாளாக இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம்தான் ஆக்சில் முடிந்தது. ஜெயசீலி பற்களில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தார். அடையாளம் பல்லின் நடுவில் விழுந்தது. எல்லாவற்றையும் மூடி எண்ணெய் ஊற்றினார்.

மாசிலாமணி வந்திருந்தார். கொட்டகைக்குள் வராமல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்.

காத்தமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"மேஸ்திரி, நான் செஞ்சதை மேல போய்ச் சொல்லிடுவேன். அதுக்குத் துணிஞ்சுட்டேன். ஆனா இவனை வண்டியில எங்க உட்கார வைக்கிறது? முன்னாடி என் பக்கத்துல உட்கார வச்சா ஜனங்க கொதிச்சுப் போவாங்க. பின்னாடி தேயிலைச் சாக்குகளோட ஏத்தினா, பினியன் கொடுத்தவனுக்கு அது மரியாதை இல்ல. நீங்களே சொல்லுங்க, இவனுக்கு எந்த இடம்?"

ஜெயசீலி பழந்துணியில் கையைத் துடைத்தார். சாவியை எடுத்து நீட்டினார்.

"விடியறதுக்குள்ள தேயிலை இறங்கணும்ண்ணே. அந்த மலையில, இந்த மழையில, நாப்பத்தேழு நாள் இதே பினியனை உடைக்காம ஓட்டினது யாரு?"

காத்தமுத்து சாவியை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினார். அதை மாசிலாமணியின் கையில் வைத்தார். பிறகு வண்டியைச் சுற்றிப் போய், மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.