காணாமல் போன லென்ஸ் சில்லு

அந்த ஜப்பான் கேமரா லென்ஸை ஸ்டுடியோ உதவியாளன் மாசிலாமணி கடைசியாக உயிரோடு பார்த்தது, கார் சீட்டில். அதன்மேல் ஸ்டுடியோ முதலாளி குமரேசம் பிள்ளை தொப்பென்று உட்கார்ந்தார். கல்யாண மண்டபத்தில் இறங்கியதும் பழியை அவன்மேல் போட்டார்.

"நீதாண்டா உடைச்சே. சாயங்காலத்துக்குள்ள ரிப்பேர் பண்ணு, இல்லே வேலையை விட்டுப் போ."

"பண்ணிடலாம் முதலாளி. ஒரு சில்லைத்தான் காணோம்."

இறங்கியதிலிருந்து முதலாளி எங்கேயும் உட்காரவில்லை. அதைப் பார்த்த மாசிலாமணி நேரே கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் போனான்.

"எங்க முதலாளி இன்னும் சாப்பிடலீங்க."

அவர் பதறி ஓடிவந்தார். "என் பொண்ணு கல்யாணத்துல பசியோட நிக்கிறதாவது!" என்று முதலாளியை இழுத்துப் போய், தோளை அமுக்கிப் பந்தியில் உட்கார வைத்தார்.

"ஐயோ!" முதலாளி துள்ளி எழுந்தார். வேட்டியின் பின்புறம் சில்லு பளபளத்தது.

"கிடைச்சிருச்சு! முதல்ல எதை ரிப்பேர் பண்ணட்டும் முதலாளி, லென்ஸையா, உங்களையா?"

பந்தியே சிரித்தது. உடைத்தது யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் அவன் வேலை போகவில்லை. லென்ஸ்தான் ஒட்டவே இல்லை; அதில் இன்று மிச்சமிருப்பது அதன் மூடி மட்டும்தான்.