அமைச்சருக்கு ஏற்ற மன்றம்

முன்னொரு சித்திரை முதல் நாள், ஒரு நாட்டின் தலைநகரில், தவறு செய்யும் அமைச்சர்களை விசாரிக்கத் தனி மன்றம் அமைக்கப்படும் என்று முரசறைந்தார்கள். ஆவணி பிறந்தும் அங்கே ஒரு வழக்கும் நடக்கவில்லை.

முதல் வழக்கு ஏரிகளுக்குப் பொறுப்பான அமைச்சர் மழவராயர் மேல். அவருடைய ஆட்கள் மடைக்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனதால் கரை உடைந்து வயலை மணல் மூடிவிட்டது என்று செம்பாயி என்ற குடியானவப் பெண் முறையிட்டிருந்தாள். மழைக்கு முன் கல் திரும்பாவிட்டால் இந்த வருஷமும் விளைச்சல் கிடையாது.

மழவராயர் வழக்கை மறுக்கவேயில்லை. கட்டடத்தைத்தான் மறுத்தார். "ஓலைக்கூரையின் கீழ் ஓர் அமைச்சர் நிற்பதா?" என்றார். ஓடு போட்டார்கள். "செங்கல் தூணா?" என்றார். தூணை இடித்தார்கள். "வாசல் தெற்கே பார்க்கிறதே!" என்றார். ஒவ்வொரு முறையும் செம்பாயி, மடைக்கல்லில் செருகித் தண்ணீரை மறிக்கும் பழைய மடைப்பலகையைத் தலையில் சுமந்து வந்தாள், சுமந்தபடியே திரும்பினாள். அதைப் பார்த்துப் பார்த்து அரண்மனை விகடகவி வேம்பையனுக்கு விகடமே மறந்துபோயிற்று.

"இது விசாரணையா, மாப்பிள்ளை அழைப்பா?" என்று ஒரு நாள் சபையிலேயே கேட்டுவிட்டான்.

மழவராயர் காத்திருந்தது அதற்குத்தான். "அரசே, குறை சொல்பவரே கட்டித் தரட்டும்."

அரசருக்கும் அலுத்திருந்தது. "வேம்பையா, அமைச்சர் ஒரு குறையும் சொல்ல முடியாத மன்றம் நாளைக் காலை வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போய்விடு."

மறுநாள் வேம்பையன் அரசரையும் நீதிபதியையும் செம்பாயியையும் அழைத்துக்கொண்டு நேரே மழவராயரின் புது மாளிகைக்குள் நுழைந்தான்.

"இதென்ன அக்கிரமம்? இது என் வீடு!"

"இன்று மன்றம். குறை இருந்தால் சொல்லுங்கள். கூரை ஒழுகுமோ?"

"தேக்கு உத்தரம் ஐயா! ஏன் ஒழுகும்?"

"வாசல்?"

"கிழக்கு."

"தூண்தான் கொஞ்சம் மட்டமோ?"

"மட்டமா? இப்படிக் கருங்கல் அரண்மனையிலேயே கிடையாது!"

வேம்பையன் நீதிபதி பக்கம் திரும்பினான். "அமைச்சருக்கு ஒரு குறையும் இல்லையாம். தொடங்குங்கள்."

செம்பாயி தூணருகே போனாள். அதன் நெடுகிலும், பலகை செருகும் அளவுக்குக் குடைந்த ஒரு காடி ஓடியது. அடியில் அகல்விளக்கு எரிந்தது. விளக்கை நகர்த்திவிட்டுப் பலகையின் விளிம்பைக் காடிக்குள் தள்ளினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"எங்க மடைக்கல்லு சாமி. தண்ணிய மறிக்கிற எடத்துல வெளக்கு ஏத்தி வச்சிருக்காரு பாருங்க, இந்த மனுசன்!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். நீதிபதி தீர்ப்புச் சொன்னார். மழவராயரின் பதவி அங்கேயே போயிற்று.

"என்ன பரிசு வேண்டும், வேம்பையா?"

"மாட்டுவண்டிகள், அரசே. கல் கனக்கும்."

அரசர் வண்டிகளும் கொடுத்தார், பொன்னும் கொடுத்தார்.

ஐப்பசிக்கு முன் கற்கள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன. தூண்கள் போன வீட்டுக்கு மழவராயர் ஓலை வேய்ந்துகொண்டார்.