அடியிலை

சிற்றம்பலத்துக்கு எழுபது வயது. அவருடைய குரு ஞானவடிவுக்கு நாற்பது. வாழ்நாளெல்லாம் வெற்றிலைக் கடை வைத்திருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர் சிற்றம்பலம். வெற்றிலைக் கவுளிக் கட்டில் பழுத்த இலை ஒன்று கண்ணில் பட்டாலும் கிள்ளி எறியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அந்தக் கை மடத்துக் கத்தரிச் செடிகளையும் விடவில்லை.

அன்று காலையும் மஞ்சள் இலைகளைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"அம்மா, நான் கிளம்பறேன். உத்தரவு குடுங்க."

"எங்கே?" என்றார் குரு.

"எங்கயாவது. படிச்ச பாட்டெல்லாம் மறந்துபோச்சு. இருக்கிறதே கொஞ்சம் கஞ்சி. அதுல நான் ஒரு தண்டச்சோறு."

சொல்லிக்கொண்டே செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் போக மனமில்லை என்பது அந்தக் கத்தரிச் செடிக்குக்கூடத் தெரியும்.

மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்த ஓர் அடியிலையைக் குரு காட்டினார்.

"இதைக் கிள்ளாதீங்க ஐயா. தானா உதிரட்டும். உதிர்ந்த அன்னிக்குப் போங்க."

கிள்ளாமல் இருப்பது பெரும்பாடாகிவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் போய்ப் பார்த்தார். இலை நாளுக்கு நாள் வெளுத்தது. உச்சியிலோ கொழுந்து ஒன்று பச்சைப்பசேலென்று விரிந்தது.

"இது எப்படிம்மா? ஒரே செடிதானே?"

"மாடு செத்ததுலேருந்து எரு போடலை. மண்ணுல தழைச்சத்து தீர்ந்துபோச்சு. வேர் உறிஞ்ச ஒண்ணுமில்லை."

"அப்போ கொழுந்துக்கு?"

"அடியிலை தன்கிட்ட இருக்கிறதைக் கரைச்சு மேலே அனுப்புது."

சிற்றம்பலம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். கொடுத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் பிடுங்கினேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் இலை உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி வந்தார். அக்குளில் துணி மூட்டை.

"உதிர்ந்துடுச்சும்மா."

குரு அதை வாங்கி வெயிலில் பிடித்தார். "இதுல பச்சை ஏதாவது தெரியுதா?"

"துளிகூட இல்லை. எல்லாத்தையும் குடுத்துடுச்சு."

"நேத்து அடுக்களையில என்னமோ கதை சொன்னீங்களாமே?"

"சும்மா, என் கடைக்கு வந்த ஒரு கஞ்சனைப் பத்தி."

"சமைக்கிறவங்க சிரிச்ச சிரிப்புல ரசத்துக்கு உப்பே போடலை. மடமே சப்புன்னு ரசம் குடிச்சுது." குருவுக்கும் சிரிப்பு வந்தது, கண் கலங்கியிருந்தது. மூட்டையை மெல்ல அவர் அக்குளிலிருந்து உருவினார்.

"இவ்வளவு பச்சையை வச்சுக்கிட்டு எங்கே ஐயா உதிரப் போறீங்க?"