துண்டுக்கு அடியில் போன வெற்றிலை

கதை கேட்க வந்தவர்களே, நெருங்கி உட்காருங்கள். இது ராஜாக்களே சந்தைக்குப் போய்ப் பேரம் பேசிய காலத்துக் கதை. இதில் ஒரு ராஜா உண்டு, ஒரு வணிகர் தலைவர் உண்டு, வெற்றிலை பயிரிட்ட ஒருத்தி உண்டு. யார் பக்கம் நியாயம் என்று இப்போதே கட்சி கட்டாதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

ஒரு பெரிய ஆற்றின் கரையில் ஏழு நாடுகள் இருந்தன. ஏழும் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருந்தன. ஏழுக்கும் ஒரே சந்தை, ஒரே மரக்கால், ஒரே கவுளி. கவுளி என்றால் நூறு வெற்றிலை கொண்ட கட்டு. எந்த நாட்டில் கட்டினாலும் நூறுதான். கணக்கு ஒன்றாக இருந்ததால் எல்லை வாசல்கள் திறந்தே கிடந்தன. காலையில் கிள்ளிய இலை மதியம் சந்தையில் இருக்கும்.

ஏழில் ஒன்று கொடிநாடு. அதன் ராஜா மானாபரணன். ஒருநாள் அவன் யானை மேல் ஏறி நின்று கேட்டான்: நம் நெல்லை அவர்கள் மரக்காலில் அளப்பதா? நம் வெற்றிலையை அவர்கள் கணக்கில் கட்டுவதா? நம் வாசலை அவர்கள் சொல்லித் திறந்து வைப்பதா?

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று கேள்வி கேட்டு ஒன்றுக்கும் பதில் சொல்லாதவன் பெரிய அறிவாளியாகத் தெரிவான். இது அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

கூட்டில் இருப்பதா, விலகுவதா என்று ஊர் ஊராகக் குடம் வைத்தார்கள். ஜனங்கள் ஓலை போட்டார்கள். விலகுவோம் என்ற குடத்தில் ஒரு பிடி ஓலை அதிகமாக விழுந்தது.

அந்தக் குடத்தில் ஓலை போட்டவர்களில் ஆவுடையும் ஒருத்தி. ஆற்றோரம் அவளுக்கு ஒரு கொடிக்கால் இருந்தது. அகத்தி நட்டு, அதில் வெற்றிலைக் கொடி ஏற்றி, கிள்ளிக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். கொடிக்கால்தான் சோறு.

பிறகு எதற்கு விலகச் சொன்னாள் என்று கேட்கிறீர்களா? ஒருமுறை சந்தையில் கூட்டின் அதிகாரி ஒருவன் அவளுடைய கவுளியை அவிழ்த்து எண்ணினான். ஒரு இலை குறைந்தது. அத்தனை இலையையும் தரையில் கொட்டிவிட்டுச் சிரித்தான். கொட்டியதைக்கூட அவள் மறந்திருப்பாள். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. அவளை முட்டாள் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். ஏழைகள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்தான் மானாபரணன்களுக்கு யானை வாங்கிக் கொடுக்கிறவர்கள்.

விலகுவது முடிவாயிற்று. ஆனால் விற்பதும் வாங்குவதும் நிற்குமா? இனி எந்தப் பொருள் எப்படி வாசல் தாண்டும் என்று கூட்டோடு பேசியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் பேரத்தை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வலக்கைகளைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரலைப் பிடித்தால் ஒரு பொருள், மடக்கினால் ஒரு பொருள், உள்ளங்கையைச் சுரண்டினால் ஒரு பொருள். சுற்றி நிற்கும் ஜனங்களுக்குத் துண்டும் தெரியும், முகமும் தெரியும், கை தெரியாது.

இந்தப் பேரத்துக்கு ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. நான் எப்போது வீட்டுக்குப் போக வேண்டும் என்று எதிராளிக்குச் சொல்லிவிடக் கூடாது. கன்றுக்குட்டி விற்கிறவனுக்குக்கூட அது தெரியும். மானாபரணன் என்ன செய்தான் தெரியுமா? பேரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் சித்திரைப் பௌர்ணமியன்று கூட்டைவிட்டு வெளியேறுவேன் என்று நாடு முழுக்க முரசறைந்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

எதிரே உட்கார்ந்தவர் சாத்தனார், கூட்டின் வணிகர் தலைவர். அவரும் ஒன்றும் உத்தமர் இல்லை. விலகுகிறவன் சுகமாக இருந்துவிட்டால் நாளைக்கு மற்றவர்களும் விலகுவார்கள். ஆகவே இவன் நோக வேண்டும், அது மற்ற ஆறு நாட்டார் கண்ணிலும் பட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு வந்தவர். முரசு அவருக்கும் கேட்டிருந்தது. அதனால் அவருக்கு அவசரமே இல்லை. ராஜாவின் தாயாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இந்த வருஷம் மாங்காய் புளிப்பதைப் பற்றிப் பேசினார். பௌர்ணமி தானாக நடந்து வந்துகொண்டிருந்தது.

முதல்நாள் துண்டுக்கு அடியில் குதிரை பேசப்பட்டது. கொடிநாட்டில் குதிரை விற்கிறவன் ஒரே ஒருவன்: ராணியின் தம்பி கண்டன். குதிரைகள் தடையில்லாமல் வாசல் தாண்டலாம் என்று முடிந்தது. பதிலுக்குக் கூட்டின் வலைகள் கொடிநாட்டு ஆற்றில் முன்போலவே மீன் பிடிக்கும். ராஜா குதிரையை மட்டும் உரக்கச் சொன்னான். ஜனங்கள் கை தட்டினார்கள். மீன் விஷயத்தை மீனவர்கள் மறுநாள் ஆற்றில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாம்நாள் முத்திரை பேசப்பட்டது. கொடிநாட்டுக் கவுளிக்கு இனிக் கொடிநாட்டுக் கணக்கு, அதன்மேல் ராஜாவின் சிங்க முத்திரை. சாத்தனார் உடனே விரலைக் கொடுத்துவிட்டார். தனக்கு ஒன்றும் செலவில்லாததைக் கொடுப்பதில் அவர் தாராளமானவர். ராஜா முத்திரையைத் தூக்கிக் காட்டினான். ஜனங்கள் அழுதார்கள், சந்தோஷத்தில்.

மூன்றாம்நாள் வெற்றிலை.

அன்று காலை ஆவுடை பல்லக்கை மறித்து நின்றாள். காவலர்கள் விரட்டப் பார்த்தார்கள். ராஜா நிறுத்தச் சொன்னான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் நிறுத்தச் சொன்னான்.

"மகாராஜா, குதிரை, சிங்கமெல்லாம் உங்க இஷ்டம். என் இலை கிள்ளின அன்னைக்கே அந்தப் பக்கம் போயிடணும். வழியில நின்னா வெந்துபோயிடும். அது ஒண்ண மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

மானாபரணன் வலக்கையை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தினான்.

"ஆவுடை, உன் இலைக்கு வழி வாங்காமல் துண்டுக்கு அடியிலிருந்து எடுத்தால், இது என் கையே இல்லை."

ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆவுடை கும்பிட்டு வழிவிட்டாள்.

துண்டுக்கு அடியில் சாத்தனாரின் விரல்கள் மெல்லச் சொன்னது இதுதான். கணக்கு ஒன்றாக இருந்தால் வாசல் திறந்திருக்கும். உன் கணக்கு வேறு என்றால், ஒவ்வொரு கட்டையும் வாசலில் அவிழ்த்து, இலை இலையாக எண்ணி, எங்கள் கணக்கில் கட்டிய பிறகுதான் விடுவோம். முத்திரை வேண்டுமா, வழி வேண்டுமா?

ராஜா விரலை மடக்கினான், பிடித்தான், சுரண்டினான். சாத்தனார் கையை மரக்கட்டை போல வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அன்றுதான் பௌர்ணமி.

ராஜா யோசித்தான். முத்திரையை விட்டால் நாடே பார்க்கும். இலையை விட்டால் அது எங்கே அழுகும்? வாசலில், வண்டி வரிசையில், யாரும் போகாத இடத்தில். அவன் சாத்தனாரின் கட்டைவிரலை அழுத்தினான். துண்டை உதறி எழுந்தான். எல்லாம் கிடைத்தது என்றான்.

துண்டுக்கு அடியில் நடந்தது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு ஒருவராவது ராஜாவிடம் அதைக் கேட்டிருக்கலாம். எனக்கு வெற்றிலை சொன்னது, கேளுங்கள்.

உடன்பாடு முடிந்தால் இரு தரப்பும் வெற்றிலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். வாசலுக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டார்கள். ராஜாவின் வெள்ளித் தட்டுக்கு இலை கொண்டுவரும் பெருமை ஆவுடைக்குத் தரப்பட்டது. அவள் விடியும்போதே கிள்ளினாள். சிங்க முத்திரை குத்தினாள். மகள்கள் இருவரும் தலைச்சுமை ஏற்றிவிட்டார்கள்.

வாசல் மூடியிருந்தது. முன்னால் நீண்ட வரிசை. காவலர்கள் ஒரு கட்டை அவிழ்த்தார்கள், எண்ணினார்கள், கட்டினார்கள். அடுத்ததை அவிழ்த்தார்கள், எண்ணினார்கள், கட்டினார்கள். இது ராஜாவின் தட்டுக்குப் போகிற இலை என்று ஆவுடை சொல்லிப் பார்த்தாள். ராஜாவே ஒத்துக்கொண்ட விதிதான் அம்மா, என்றான் காவலன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்துப் பாதையில் கண்டனின் குதிரைகள் புழுதி கிளப்பிக்கொண்டு நிற்காமல் போயின.

வெயில் ஏறியது. கட்டுக்குள் கை விட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. மறுபடி விட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது. மூன்றாம் முறை கை விட அவளுக்கு மனம் வரவில்லை.

பொழுது சாய்ந்து அவள் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டில் வைக்க ஒரு முழு இலை இல்லை. எல்லாம் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, நாறியது. சாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, தம் பக்கத்திலிருந்து ஒரு கவுளி வரவழைத்தார். மானாபரணன் அந்த இலையை வாங்கித் தன் தட்டில் வைத்து, அதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஜனங்களைப் பார்த்து, கூட்டே நமக்கு வெற்றிலை வைத்து மரியாதை செய்கிறது பாருங்கள் என்றான்.

ஜனங்கள் கை தட்டினார்கள். ஆமாம், அதற்கும் தட்டினார்கள்.

ஆவுடை தட்டவில்லை. அழுகல் வழிந்த கைகளோடு முன்னால் வந்தாள். ராஜாவின் வலக்கையைப் பார்த்தாள்.

"அப்போ இது யாரு கை, மகாராஜா?"

ராஜா கையை மெல்லச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

அழுகிய இலையைக் கொண்டுவந்து அரசரை அவமதித்துவிட்டாள் என்று கண்டன்தான் முதலில் சொன்னான். அப்படித்தான் என்று நாலு பேர் சொன்னார்கள். அப்படித்தான் என்று நாற்பது பேர் சொன்னார்கள். பக்கத்துக் கொடிக்கால்காரன், நாளைக்கு அதே வரிசையில் நிற்கப்போகிறவன், அவள் காதோரம் வந்து, "ஏன்க்கா, விலகணும்னு நீயுந்தானே ஓலை போட்ட?" என்றான்.

"போட்டேன். அதுக்குத்தான்டா கேக்குறேன்" என்றாள் ஆவுடை.

அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் ஆற்றோரக் கொடிக்கால்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஆவுடை தன் கையாலேயே அகத்தியை வெட்டி ஆடுகளுக்குப் போட்டாள். பிறகு மகள்களைக் கூட்டிக்கொண்டு, வாசலுக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்கு இலை கிள்ளப் போனாள். அங்கே ஒரு கவுளி என்றால் நூறு. அவளுடைய நிலத்தில் கண்டனின் குதிரைகள் மேய்கின்றன.

அரண்மனையில் சிங்க முத்திரையைப் பட்டுத்துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். குத்துவதற்குத்தான் அந்த நாட்டில் இலை இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ராஜா போடும் வெற்றிலை கூட்டின் சந்தையிலிருந்து வருகிறது. அதை யாரும் வாசலில் எண்ணுவதில்லை.

ஆகவே கேட்டவர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: மூடி வைத்துப் பேரம் பேசுகிறவன் ஊர் பார்க்கிற தன் பெருமையை வைத்துக்கொண்டு யாரும் பார்க்காதவர்களின் பிழைப்பைத்தான் விட்டுக்கொடுப்பான், ஆதலால் கை தட்டும் முன் துண்டை எடுக்கச் சொல்லுங்கள்.