வலிக்காது என்று சொன்ன டாக்டர்

பல் மருத்துவக் கல்லூரியில், க்ளிப் போடும் பிரிவில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் டாக்டர் தாணு. கைவேலை அத்தனை சுத்தம். கம்பியை ஒரு தரம் வளைத்தால் போதும், திருத்த வேண்டியிருக்காது. வாய்தான் வினை. நாற்காலியில் வந்து உட்காருகிற எல்லாரிடமும் ஒரே பாட்டு: “வலிக்கவே வலிக்காது.”

ஹாஜிராவிடமும் அதையேதான் சொன்னார். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். எட்டு மாதமாக அவரிடம் வருகிறாள், பல்வரிசை கூடிவருகிற நேரம். இதுவரை போட்டதெல்லாம் மெல்லிய கம்பி, அவ்வளவாக வலித்ததில்லை. முதல் தடவையாகத் தடித்த கம்பி மாற்றிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, வந்து நின்றாள். வீட்டிலிருந்த குறட்டால் கம்பியை அவளே பிடுங்கியிருந்தாள். உதட்டின் உள்பக்கம் கிழிந்திருந்தது.

“ஏன்மா இப்படிப் பண்ணினே?”

“வலிக்காதுன்னீங்க. உயிர் போற மாதிரி வலிச்சுது. பல்லு வேற ஆடுது. ஏதோ தப்பாயிடுச்சு, எல்லாம் கொட்டப்போகுதுன்னு பயந்துட்டேன். எனக்கு க்ளிப்பே வேண்டாம். கழட்டிடுங்க.”

கம்பி மாற்றினால் பல் லேசாக ஆடும், வலிக்கும். பல் நகர்கிறது என்று அர்த்தம். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது கழற்றினால் எட்டு மாதமும் வீண், பல் பழைய கோணலுக்கே திரும்பிவிடும். உதட்டுக்கு மருந்து கொடுத்து, வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அனுப்பினார் தாணு.

நேரே தன் ஆசிரியை சுகிர்தா மேடத்திடம் போனார்.

“மேடம், வலியே தெரியாம இருக்க என்ன மாத்திரை கொடுக்கலாம்?”

மேடம் நோயாளிகளின் நாற்காலியைக் காட்டினார். “உட்கார்.”

உட்கார்ந்தார். கடைவாய்ப் பற்களின் இடுக்கில், இரண்டு பக்கமும், சின்ன ரப்பர் வளையங்களைச் செருகினார் மேடம். க்ளிப் போடுவதற்கு முன்னால் பற்களுக்கு நடுவே இடம் உண்டாக்க வைப்பது. தாணுவே நூறு பேருக்காவது வைத்திருப்பார். தன் வாயில் இதுதான் முதல் தடவை.

“வலிக்குமா மேடம்?”

“வலிக்கவே வலிக்காது.”

மறுநாள் காலை தோசையைக் கடித்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படித்த படிப்பெல்லாம் எங்கே போச்சோ! மேடத்தின் அறைக்கு ஓடினார்.

“ரப்பர் எங்கேயோ தப்பா உட்கார்ந்திருக்கு போல மேடம். கொஞ்சம் பாருங்களேன்.”

மேடம் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு. இன்னிக்கும் நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். அப்புறம் தணியும். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கோ. சோத்தை ரசத்துல குழைச்சுச் சாப்பிடு.”

“இதை நேத்தே சொல்லியிருக்கலாமே!” தாணுவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“நீ அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதைத்தான் நான் உன்கிட்ட சொன்னேன்.”

தாணு வாயை மூடிக்கொண்டார். பல்லோடு பல் பட்டது. இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமை ஹாஜிரா வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேடம் பக்கத்தில் நின்றார். தாணு முகக்கவசத்தைக் கழற்றினார்.

“அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா. மன்னிச்சிடு. இன்னிக்குக் கம்பி போட்டா சாயங்காலமே வலி ஆரம்பிச்சிடும். நாளைக்கு இட்லியைக்கூடக் கடிக்க முடியாது. பல்லு ஆடுற மாதிரி இருக்கும், ஆனா விழாது. மூணு நாள் போனா மெல்ல மெல்லத் தணியும். அதுவரைக்கும் மாத்திரை போட்டுக்கோ, வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளி. கம்பி குத்தினா இந்த மெழுகை ஒட்டிக்கோ. குறையலைன்னா எனக்குப் போன் பண்ணு. வேண்டவே வேண்டாம்னாலும் சொல்லு, கழட்டிடறேன்.”

ஹாஜிரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைத் தாண்டி மேடத்தைப் பார்த்தாள்.

“போடுறதுன்னா நீங்க போடுங்க மேடம். இவர் வேண்டாம்.”

தாணுவின் முகம் செத்துவிட்டது. தன் முக்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, அவள் நாற்காலியை விட்டு விலகி நின்றார்.

மேடம் கையுறையை எடுக்கவில்லை.

“நான் போட்டாலும் வலிக்கும்மா” என்றார். “வலிக்கும்னு உன்கிட்ட சொன்னவர் அவர்.”