கதவோரத்து ஊமை

அந்தக் காலத்தில், மரங்கள் நடந்தும் பேசியும் கூலிக்கு உழைத்தும் வந்த நார்வே நாட்டில், ஹல்வார் என்ற பண்ணையாரிடம் ஒரு பிர்ச் மரம் வேலைக்குச் சேர்ந்தது. முதலில், ஆட்டுக்குத் தீவனம் என்று அதன் இலையை உருவினார்கள். அடுத்து, கூரை ஒழுகுகிறது என்று பட்டையை உரித்தார்கள். அதற்கடுத்து, ஓடிப்போகாமல் இருக்க வேரை வெட்டினார்கள். கடைசியில் வீட்டுக் கூடத்தில் கதவோரம் நிறுத்தி, வருகிற பெரிய மனிதர்களின் நனைந்த கோட்டுகளை அதன்மேல் மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மரம், "ஆகட்டும் ஐயா" என்றது. அடுப்புச் சூடு கொஞ்சம் மேலே படும். அது போதும் என்று இருந்தது. அடுப்பில் எரிந்தது தன் இனம்தான் என்பதை அது யோசிக்கவில்லை.

வேலைக்காரப் பெண் சிக்ரிட் மட்டும் அதோடு பேசுவாள். "தோலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அம்மணமாக நிற்கிறாயே அண்ணா, வெட்கமாயில்லை?" என்று சிரித்து, ஒரு மாலை தன் சால்வையை அதன்மேல் போர்த்திவிட்டு ஆடுகளை ஓட்டிவரப் போனாள்.

ஓர் ஆடு குறைந்தது. "அது வராமல் நீயும் உள்ளே வராதே" என்று ஹல்வார் கதவைத் தாழிட்டான். பனி கொட்டியது. சிக்ரிட் கதவைத் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். மரம் ஹல்வாரைப் பார்த்தது. அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பிறகு சத்தம் நின்றது.

அவளை வாசலில் விறைத்த பிணமாக எடுத்தபின், ஊர்ச்சபை அந்தக் கூடத்திலேயே கூடியது. சாட்சிக்கு நின்றவர்களின் பெயரைக் கடைசியில் எல்லார் முன்னும் வாசிப்பது அங்கே வழக்கம். அன்று வாசிக்கப்படும் பெயர்தான் பிறகு என்றைக்கும் நிலைக்கும்.

"அவள் தட்டவே இல்லை" என்றான் ஹல்வார். மரத்தின் பக்கம் குனிந்து, "வேரில்லாதவன் நீ. வெளியே தள்ளினால் விறகு" என்றான் மெதுவாக.

சிக்ரிட்டின் தாய் குன்வர் கேட்டாள்: "இங்கேதானே நின்றாய், தம்பி. என் மகள் தட்டினாளா?"

மரம் அடுப்பைப் பார்த்தது.

"ஆமாம் என்று ஒரு சொல் சொல்."

மரம் அடுப்பையே பார்த்திருந்தது. குன்வர் கிளையிலிருந்த சால்வையை எடுத்து மடித்துக்கொண்டாள். குளிர் பட்டதும்தான் மரத்துக்கு உறைத்தது. பேச முயன்றது, கட்டை முறுகும் சத்தம் மட்டுமே வந்தது. ஹல்வார் எழுந்துவந்து, காலியான அந்தக் கிளையில் தன் கோட்டை மாட்டினான்.

சபைத் தலைவர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். அவர்கள் மொழியில் ஸ்டும் என்றால் ஊமை, த்யேனர் என்றால் வேலைக்காரன். அன்று முதல்தான் அந்நாட்டு வீடுகளில் கோட்டு மாட்டும் கழி, பட்டையும் வேரும் பேச்சும் இல்லாமல் கதவோரம் நின்று, சாட்சிகள் முன் அவர் உரக்க வாசித்த பெயரைச் சுமக்கிறது: ஸ்டும்த்யேனர்.