ஒரு பிடி நார்த்தூள்

"ஆசானே! கண்ணுல பால் படர்ந்திருச்சு!"

செங்கோடன் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அறுபது வயதுச் சீடர். முப்பது வருடம் ஆலை வாசலில் தொழிற்சங்க மைக் பிடித்த தொண்டை. பாம்புக் காப்பகமே அதிர்ந்தது.

"ஐயா, நான் நாலடி தூரத்துலதான் இருக்கேன்" என்றார் தவமணி. வளர்த்துச் சலித்தவர்கள் விட்டுப்போகும் பாம்புகளைக் காக்கும் ஆசான். வயது முப்பத்தைந்து.

பாம்பின் கண்ணில் பால்போல் வெண்மை படர்ந்தால் சில நாளில் சட்டை உரியும். செங்கோடன் பொறுப்பில் இருந்த வானவில் பாம்பு மழைக்காட்டுச் சாதி. காற்றில் ஈரம் குறைந்தால் சட்டை கிழிந்து கிழிந்து வரும். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற சில்லு உரியாமல் ஒட்டிக்கொள்ளும். போன முறை அதுதான் நடந்தது. செங்கோடன் பெட்டியில் விரித்தது பழைய ஊர்வலப் பதாகை. சுத்தமான துணி, காய்ந்த துணி. இடது கண்ணின் சில்லு இன்னும் அப்படியே இருந்தது. இந்த முறையும் உரியாவிட்டால் அந்தக் கண் போய்விடும்.

"இந்தத் தடவை தோக்கமாட்டேன்" என்று செங்கோடன் ஐந்து மூட்டைகளை இறக்கினார். மணல், மரச்சீவல், மரப்பட்டை, பாசி, தேங்காய் நார்த்தூள். "எது சரியான படுக்கை? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

தவமணி நார்த்தூளை வாயகன்ற தொட்டியில் கொட்டினார். "நனைங்க."

எதையும் பாதியாகச் செய்து பழகாதவர் செங்கோடன். ஒரு வாளித் தண்ணீரை முழுதாகக் கவிழ்த்தார்.

"ஒரு பிடி எடுத்து அழுத்துங்க."

முழங்கை வரை தண்ணீர் ஓடியது.

"ஈரம்தானே கேட்டுச்சு பாம்பு?"

"இதுல படுத்தா அடிவயிறு புண்ணாகும்."

செங்கோடன் கணக்குப் பார்த்து உலர்ந்த தூளை அள்ளிப் போட்டார். பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இப்ப?"

"பழைய பதாகைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. "நான் படிக்காம வரல! புத்தகத்துல சொன்ன அளவுதான் இது!"

"புத்தகம் எழுதினவர் எந்த ஊர்?"

"சென்னை."

"அங்க கடல்காத்து. இங்க வறண்ட காத்து."

தண்ணீரும் தூளும் மாற்றி மாற்றிச் சேர்த்ததில், எட்டாவது பிடியில் ஒரு சொட்டும் வடியவில்லை. பிடித்த உருண்டை குலையாமல் நின்றது. விரலால் தொட்டதும் மலர்ந்தது. தவமணி தலையசைத்தார்.

பாம்புப் பெட்டியில் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினார்கள். பாம்பு பதுங்கும் மறைவிடத்துக்குள் ஈரப்பாசி வைத்தார்கள். காலையும் மாலையும் செங்கோடன் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்தார். ஒருநாள் இரண்டு கை தண்ணீர் தெளித்தார். மழை பெய்த நாளில் ஒன்றும் தெளிக்கவில்லை.

ஏழாம் நாள் காலை. பாம்பு மூக்கை மரப்பட்டையில் உரசியது. உதட்டோரம் தோல் மடங்கியது. பின்னுக்குச் சுருண்டது.

"வருது! ஆசானே, வருது!"

வால் நுனி வரை ஒரே சட்டை. இரண்டு கண் சில்லும் அதிலேயே இருந்தன. இடது பக்கத்தில் பழையதும் புதியதும் ஒன்றாக வந்திருந்தன. பாம்பு தலையைத் தூக்கியது. இரண்டு கண்ணும் பளபளத்தன.

செங்கோடன் துள்ளினார். மூட்டுவலி மறந்துபோனது.

"எத்தனை படி தூளுக்கு எத்தனை படி தண்ணி? உடனே சொல்லுங்க! ஆயிரம் துண்டறிக்கை அடிக்கிறேன். பாம்பு வளர்க்கிறவன் வீடு வீடாப் போய்க் கொடுக்கிறேன். ஒருத்தனும் இப்படிக் கிடந்து பிசையவே வேண்டாம்!"

தவமணி அவர் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் நார்த்தூள்.

"ஏன் ஐயா, அந்த ஆயிரம் பேருக்கும் கை இல்லையா?"